மருத்துவமனைக் கழிவுநீரில் கரைந்திருக்கும் மருந்துகளை எப்படி நீக்குவது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை மேற்பார்வையாளர்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் 60 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஜெனரேட்டர், லிஃப்ட், குழாய் வேலைகளோடு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 30,000 லிட்டர் வருகிறது. அது 30 கன மீட்டர் காற்றூட்டத் தொட்டிக்குப் போய், கிளாரிஃபையர் என்ற தெளிவிப்புத் தொட்டியில் கசடு படிந்து தெளிந்து, ஹைப்போ என்ற குளோரின் கிருமிநாசினி கலந்து, மணல் வடிகட்டியையும் கரி வடிகட்டியையும் கடந்து வெளியே வருகிறது. அந்தத் தண்ணீரைப் பின்பக்கத் தென்னந்தோப்புக்கும் வேலியோரம் இருக்கும் மாட்டுப்புல்லுக்கும் பாய்ச்சுகிறோம். மழைக்காலத்தில் மிஞ்சுவது ஓடை வழியாகச் சித்தூர்ப்புழைக்குப் போய்விடும்.

சென்ற மாதம் பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவர் என்னிடம் வந்து, "நீங்கள் நோயாளிகளுக்குக் கொடுக்கிற மருந்தெல்லாம் இந்தத் தண்ணீரில்தானே வரும், என் கிணறு வேலிக்கு இந்தப் பக்கம்தானே இருக்கிறது?" என்று கேட்டார். நான் ஆய்வக அறிக்கையை எடுத்துக் காட்டினேன். நீரில் உள்ள கரிமக் கழிவின் அளவைக் காட்டும் பி.ஓ.டி. 18, சி.ஓ.டி. 90, எல்லாம் வரம்புக்குள் இருந்தன. அவர் பொறுமையாக முழுவதையும் வாசித்துவிட்டு, "இதில் மருந்து எந்த வரியில் இருக்கிறது?" என்றார். அப்படி ஒரு வரி அந்தத் தாளில் இல்லை. அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஒரு விற்பனையாளர் மணிக்கு 5 கிராம் திறனுள்ள ஓசோன் கருவியைப் பொருத்தினால் எல்லா மருந்தும் போய்விடும் என்கிறார். இன்னொருவர் ஆர்.ஓ. சவ்வு வடிகட்டி வைக்கச் சொல்கிறார். நிர்வாகத்திடம் ஒரு முறைதான் பணம் கேட்க முடியும் என்பதால், கேட்கும் முன் விவரம் தெரிந்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பயன்படக்கூடிய விவரங்களையும் சொல்லிவிடுகிறேன். தொட்டி நீரில் உள்ள நுண்ணுயிர்க் கசடின் அளவான எம்.எல்.எஸ்.எஸ். லிட்டருக்கு 1,200 மில்லிகிராம் அளவில் நிற்கிறது. ஒப்பந்த இயக்குநர் தினமும் சுமார் 700 லிட்டர் கசடை வெளியேற்றுகிறார், அது காய்ந்ததும் தென்னை வட்டப்பாத்திக்குப் போகிறது. மின்கட்டணத்துக்காக இரவு 11 மணி முதல் 5 மணி வரை தொட்டிக்குக் காற்று ஊதும் ப்ளோயரை நிறுத்துகிறோம். கரி வடிகட்டி அரை மீட்டர் விட்டமுள்ளது, அதில் ஒரு மீட்டர் உயரத்துக்குக் கரி இருக்கிறது. அதன் வழியாக மணிக்கு 4,000 லிட்டர் வீதம் பகலில் ஏழெட்டு மணி நேரம் பம்பு ஓடுகிறது. கரியை மாற்றி மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

மறுமொழி 1: பொள்ளாச்சிப் பொறியாளர்

வணக்கம் ஐயா. அந்த அம்மா கேட்டது மிகச் சரியான கேள்வி. 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் மருத்துவமனைக் கழிவுநீருக்கு வைத்திருக்கும் அளவுகோல்கள் இவை: பி.எச். 6.5 முதல் 9 வரை, மிதக்கும் திண்மம் லிட்டருக்கு 100 மில்லிகிராம், எண்ணெய் 10, பி.ஓ.டி. 30, சி.ஓ.டி. 250, அவற்றோடு அந்த நீரில் விட்ட மீன்களில் 90 விழுக்காடு 96 மணி நேரத்துக்குப் பிறகும் உயிரோடு இருக்க வேண்டும் என்பது. மருந்து எச்சங்கள் லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில், அதாவது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருப்பவை. அவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் பி.ஓ.டி. 18 என்றே காட்டும். ஆகவே உங்கள் அறிக்கையும் பொய்யன்று, அவருடைய சந்தேகத்துக்கு அது விடையும் அன்று.

இப்போது உங்கள் தொட்டியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென், காபித்தூளில் உள்ள கஃபீன் ஆகியவற்றை நன்றாக ஓடும் காற்றூட்டத் தொட்டியின் நுண்ணுயிர்கள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தின்றுவிடும். வலிநிவாரணியான டைக்ளோஃபெனாக்கில் பெரும்பகுதி தப்பித்து வெளியேறும். வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் கார்பமசெபைன் வந்தபடியே போய்விடும். சில நேரம் உள்ளே வந்ததைவிட வெளியே கூடுதலாகக்கூடத் தெரியும், ஏனென்றால் நம் கல்லீரல் மருந்தோடு ஒரு சர்க்கரைக் கூறைப் பிணைத்து அனுப்புகிறது, தொட்டியின் நுண்ணுயிர்கள் அந்தப் பிணைப்பை அறுத்துப் பழைய மருந்தையே மீட்டுக் கொடுத்துவிடுகின்றன. சிப்ரோஃபிளாக்சசினும், சோப்பிலும் பற்பசையிலும் சேர்க்கப்பட்டு வந்த டிரைக்ளோசானும் வேறு வழியில் மறைகின்றன. அவை கசடில் ஒட்டிக்கொள்வதால் தண்ணீரில் குறைகின்றனவே தவிர அழிவதில்லை. உங்கள் தென்னை வட்டப்பாத்திக்குப் போவது அந்தக் கசடுதான்.

நீங்கள் கொடுத்த எண்களிலிருந்து ஒன்றைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 30 கன மீட்டர் தொட்டியில் 1,200 என்றால் உள்ளே இருப்பது 36 கிலோ கசடு. தினமும் 700 லிட்டர் எடுக்கிறீர்கள், அதில் லிட்டருக்கு 8 கிராம் திண்மம் இருப்பதாக வைத்தால் 5.6 கிலோ வெளியேறுகிறது. அதாவது ஒரு நுண்ணுயிர் உங்கள் தொட்டியில் சராசரியாக ஆறரை நாள்தான் தங்குகிறது. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுபவை உள்ளிட்ட மெதுவாக வளரும் நுண்ணுயிர்கள்தாம் கடினமான மருந்துகளில் பலவற்றைச் சிதைப்பதற்குத் துணைநிற்கின்றன, அவை நிலைபெற வேண்டுமானால் கசடின் வயது 10 நாட்களைத் தாண்ட வேண்டும், 20 நாட்கள் இருந்தால் இன்னும் நல்லது. எனவே கசடு எடுப்பதைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். எம்.எல்.எஸ்.எஸ். 3,000-க்கு ஏறி, தினமும் மூன்றரை கிலோ மட்டும் வெளியேறும் நிலைக்கு வந்தால் வயது 25 நாட்களாகும். ஒரு லிட்டர் அளவு ஜாடியில் தொட்டி நீரை எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வைத்துக் கசடு எங்கே நிற்கிறது என்று தினமும் குறித்துக்கொள்ளுங்கள், கிளாரிஃபையர் தாங்குமா என்பது அதில் தெரிந்துவிடும். இரவில் ப்ளோயரை நிறுத்தும் வழக்கத்தை உடனே விட்டுவிடுங்கள். ஆறு மணி நேரம் மூச்சு முட்டிக் கிடக்கும் நுண்ணுயிர்களிடம் காலையில் நுட்பமான வேலையை எதிர்பார்க்க முடியாது. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருக்கட்டும். இதற்கெல்லாம் புதிய கருவி எதுவும் தேவையில்லை, மின்கட்டணம் மட்டும் ஏறும்.

அடுத்தது கரி. கார்பமசெபைன், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை உண்மையில் பிடித்துவைக்கக்கூடிய பொருள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் மூன்று காரணங்களால் அது பயனற்றுக் கிடக்கிறது. உங்கள் கலத்தில் இருப்பது ஏறக்குறைய 200 லிட்டர் கரி, அதன் வழியாக மணிக்கு 4,000 லிட்டர் தள்ளும்போது தண்ணீர் கரியோடு இருக்கும் நேரம் மூன்று நிமிடம். மருந்துகளை நீக்க வேண்டுமானால் 20 முதல் 30 நிமிடம் வேண்டும். பம்பை மணிக்கு 1,500 லிட்டராகக் குறைத்து 20 மணி நேரம் ஓடவிட்டால் அதே கலத்திலேயே எட்டு நிமிடம் கிடைக்கும். 750 லிட்டர் கரி கொள்ளும் கலம் ஒன்றை வாங்கினால் அரை மணி நேரம் கிடைத்துவிடும், ஏறத்தாழ 375 கிலோ கரி பிடிக்கும். இரண்டாவது காரணம், நீங்கள் ஹைப்போவைக் கரிக்கு முன்னால் சேர்க்கிறீர்கள். கரி அந்தக் குளோரினை முறிப்பதிலேயே தேய்ந்துபோகிறது, கிருமிநாசினியும் வீணாகிறது. பாரசிட்டமாலும் டிரைக்ளோசானும் குளோரினோடு சேர்ந்தால் அவற்றைவிடக் கெட்ட சேர்மங்கள் பிறக்கும் என்பதும் ஆய்வுகளில் தெரிந்த செய்தி. ஹைப்போ குழாயைக் கரி வடிகட்டிக்குப் பின்னால் மாற்றுங்கள், அது ஒரு பிளம்பரின் அரைநாள் வேலை. மூன்றாவது, கரியின் வயது. கரி தன் கன அளவைப் போல் பத்தாயிரம் மடங்கு நீரைக் கடத்திய பிறகு அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். 750 லிட்டர் கரிக்கு அது 7,500 கன மீட்டர், உங்கள் கணக்கில் 250 நாட்கள். உங்கள் 200 லிட்டர் கரியோ மூன்று ஆண்டுகளில் அதைப் பதினாறு முறை தாண்டிவிட்டது.

ஓசோன் நல்ல முறைதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. சுவிட்சர்லாந்தில் 2016 முதல் நடப்பில் உள்ள சட்டம், பெரிய நிலையங்களும் ஏரி, சிற்றாறுகளை ஒட்டிய நிலையங்களும் இத்தகைய நுண்மாசுகளில் 80 விழுக்காட்டை நீக்க வேண்டும் என்கிறது, அங்கே ஓசோனையும் கரியையும்தான் நம்பியிருக்கிறார்கள். ஆனால் அளவு முக்கியம். நீரில் கரைந்த கரிமக் கார்பனின் ஒவ்வொரு கிராமுக்கும் 0.6 முதல் 0.8 கிராம் ஓசோன் தேவை. உங்கள் நீரில் லிட்டருக்கு 12 மில்லிகிராம் கரிமக் கார்பன் இருப்பதாக வைத்தால், மணிக்கு 1,500 லிட்டருக்கு ஏறக்குறைய 11 முதல் 14 கிராம் ஓசோன் வேண்டும். அரைகுறையாக ஓடும் தொட்டியில் நைட்ரைட் உருவாகியிருந்தால், அதன் ஒவ்வொரு மில்லிகிராம் நைட்ரஜனும் மூன்றரை மில்லிகிராம் அளவுக்கு ஓசோனைக் குடித்துவிடும். ஆகவே அந்த 5 கிராம் கருவி துர்நாற்றத்தையும் நிறத்தையும் குறைக்கலாம், மருந்துகளைத் தேவையான அளவுக்கு நீக்க அது போதாது. மேலும் ஓசோன் மருந்தை உடைக்கிறதே தவிர முழுவதும் கரியமில வாயுவாக்கிவிடுவதில்லை. உடைந்த துண்டுகளைத் தின்ன அதன் பின்னால் உயிருள்ள மணல் வடிகட்டி ஒன்று இருக்க வேண்டும், தப்பிக்கும் வாயு நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் அதை அழிக்க ஓர் அமைப்பும் இருக்க வேண்டும். இரண்டு பேர் பார்த்துக்கொள்ளும் நிலையத்தில் இதை வைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆர்.ஓ. பெரும்பாலான மருந்துகளைத் தடுத்து நிறுத்தும். ஆனால் தடுத்தவை கழிவுநீரில் நாலைந்து மடங்கு செறிவாகச் சேரும், அதை நீங்கள் எங்கே விடுவீர்கள்? அதே ஓடையில்தான்.

மறுமொழி 2: சித்தூர் மருந்தாளுநர்

தம்பி, பொறியாளர் ஐயா குழாயின் கடைசி முனையைப் பற்றி எழுதிவிட்டார், நான் முதல் முனையைப் பற்றி எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவமனை மருந்தகங்களில் வேலை பார்த்தவள். நான் முன்பு இருந்த ஒரு மருத்துவமனையில் காலாவதியான சிரப்புகளையும் பாதி மீந்த ஆன்டிபயாட்டிக் குப்பிகளையும் வாஷ்பேசினில் ஊற்றிவிட்டுக் காலிப் பாட்டில்களை எண்ணிக் கணக்கெழுதுவதுதான் வழக்கமாக இருந்தது. நானும் அதைச் செய்திருக்கிறேன். அது தவறு என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பதை இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

நோயாளியின் உடம்பு வழியாக வருவதை நம்மால் தடுக்க முடியாது. வாய்வழி எடுத்த சிப்ரோஃபிளாக்சசினில் ஏறக்குறைய பாதியும், அமாக்சிசிலினில் பாதிக்கு மேலும் மாறாமலே சிறுநீரில் வந்துவிடும், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் உடம்பில் சிதைவதே இல்லை. ஆனால் யாருடைய உடம்பிலும் ஏறாமல் நேராகச் சிங்க்கில் இறங்கும் மருந்தைத் தடுக்க முடியும். காலாவதியான மருந்துகள் உயிர்மருத்துவக் கழிவு விதிகளின் மஞ்சள் வகைக் கழிவைச் சேர்ந்தவை, புற்றுநோய் மருந்துகளின் மீதத்தை 1,200 டிகிரிக்கு மேல் எரிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. நம் மாவட்டத்தில் இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை நடத்தும் 'இமேஜ்' பொது உயிர்மருத்துவக் கழிவு நிலையம் இருக்கும்போது ஊற்றிவிடுவதற்கு ஒரு காரணமும் இல்லை. செவிலியர்கள் ஊசி மருந்து கலக்கும் இடத்தில் சிங்க்குக்குப் பக்கத்திலேயே மீதத்தைச் சேர்க்கும் மூடிபோட்ட டப்பா ஒன்றை வைத்துப் பாருங்கள். கை நீட்டும் தூரத்தில் இருந்தால் பயன்படுத்துவார்கள், மாடிப்படிக்குக் கீழே வைத்தால் பயன்படுத்த மாட்டார்கள்.

இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. வலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லில் தோல் வழியாக உடம்புக்குள் போவது ஏறக்குறைய 6 விழுக்காடுதான், மற்றதெல்லாம் குளிக்கும்போதும் கை கழுவும்போதும் துணி துவைக்கும்போதும் தண்ணீரில் இறங்குகிறது. தடவிய கையைக் கழுவும் முன் ஒரு காகிதத்தில் துடைத்துக் குப்பையில் போடச் சொல்வதே ஒரு பெரிய உதவி. மாட்டுக்குப் போட்ட அதே டைக்ளோஃபெனாக், இறந்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளை ஏறக்குறைய அழித்தேவிட்டது என்று 2004-இல் கண்டறியப்பட்டு, 2006-இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு இந்தியாவில் தடை வந்தது நினைவிருக்கும். ஒரு மருந்து நாம் கொடுத்த இடத்திலேயே நின்றுவிடுவதில்லை என்பதற்கு எனக்கு அதைவிடத் தெளிவான சான்று தெரியவில்லை.

இரண்டாவது செய்தி தரை துடைக்கும் திரவங்களைப் பற்றியது. குளோர்ஹெக்சிடின், பென்சல்கோனியம் குளோரைடு போன்றவற்றை வாளி வாளியாக ஒரே நேரத்தில் கழிப்பறையில் கொட்டினால், அவை மாசாகப் போவதோடு உங்கள் தொட்டியின் நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். ஆபரேஷன் தியேட்டரைக் கழுவும் நாளில் உங்கள் தொட்டியில் வெள்ளை நுரை பொங்குகிறதா என்று பாருங்கள். சாதாரணக் கைகழுவலுக்கு டிரைக்ளோசான் கலந்த சோப்பு தேவையே இல்லை. வீட்டுப் பயன்பாட்டுக் கைகழுவும் பொருள்களில் அதை அமெரிக்க அரசு 2016-இலேயே விலக்கிவிட்டது. நம் பக்கத்துக் கதையும் நல்லதாக இல்லை, 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் தாமிரபரணி நீரில் லிட்டருக்கு 5,160 நானோகிராம் வரை டிரைக்ளோசான் இருந்தது.

மறுமொழி 3: நகரிக்காரன்

நான் ஆந்திர எல்லையில் நகரியைச் சேர்ந்தவன். ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டாஞ்சேருவில் மாத்திரைகளுக்கான மூலமருந்தைத் தயாரிக்கும் மொத்த மருந்து ஆலை ஒன்றின் கழிவுநீர்ப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தேன். "பி.ஓ.டி. வரம்புக்குள் இருக்கிறது" என்ற வாக்கியத்தை அங்கே எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எண்ண முடியாது. அதனால்தான் இந்தத் திரியில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

2007-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள், ஏறக்குறைய 90 மருந்து ஆலைகளின் கழிவுநீர் வந்து சேரும் பட்டாஞ்சேரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வெளியேற்றத்தைச் சோதித்து வெளியிட்டார்கள். சுத்திகரித்த பிறகு வெளியேறிய நீரில் சிப்ரோஃபிளாக்சசின் மட்டும் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. மாத்திரை சாப்பிட்ட நோயாளியின் இரத்தத்தில் இருக்கும் அளவைவிட அது பல மடங்கு அதிகம். நீரில் வாழும் பாக்டீரியாக்களில் ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் திறன் தூண்டப்படாமல் இருக்க லிட்டருக்கு 0.06 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் கணித்தன, அப்படிப் பார்த்தால் ஐந்து லட்சம் மடங்கு. 2009-இல் அந்தப் பகுதியின் ஏரிகளிலும் கிணறுகளிலும் மருந்துகள் கண்டறியப்பட்டன, 2011-இல் ஆற்று வண்டலில் எதிர்ப்பு மரபணுக்கள் குவிந்திருப்பது தெரியவந்தது. மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்ட வரைவில் மொத்த மருந்து ஆலைகளின் கழிவுநீருக்கு ஆன்டிபயாட்டிக் வரம்புகள் இருந்தன, 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிப்பில் அந்தப் பட்டியல் இல்லை. இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

உங்கள் மருத்துவமனையில் அத்தகைய அளவு ஒருநாளும் வராது, நீங்கள் அஞ்ச வேண்டாம். ஆனால் ஒரு பாடம் பொருந்தும். பெனிசிலின் குடும்பமும் செஃபலோஸ்போரின்களும் தண்ணீரில் தாமாகவே எளிதில் உடைந்துவிடும், அதனால் ஆய்வகத்தில் அமாக்சிசிலினைத் தேடி "கண்டறியப்படவில்லை" என்று முடிவு வந்தால் அதை வைத்து மகிழ்ச்சி அடையாதீர்கள். சிப்ரோ, லீவோ, ஆஃப்லோ என்று தொடங்கி 'ஃபிளாக்சசின்' அல்லது 'க்சசின்' என்று முடியும் குடும்பம் அப்படி உடையாது. அது கசடில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எங்கள் ஆலையில் நீரைச் சோதித்தார்களே தவிர, கசடைச் சோதித்து நான் ஒருமுறையும் பார்த்ததில்லை. உங்கள் தென்னைக்குக் கசடு போடுவதை நிறுத்துங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

கொழிஞ்சாம்பாறை மேற்பார்வையாளர்

ஐயா, அக்கா, நகரி அண்ணா, மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. எழுதியவை அனைத்தையும் அச்செடுத்து நிலையத்தின் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

இந்த ஒரு வாரத்தில் ப்ளோயரை இரவிலும் ஓடவிட்டோம். கசடு எடுப்பதை 700 லிட்டரிலிருந்து 500-க்குக் குறைத்தோம். ஹைப்போ சேர்க்கும் இடத்தைக் கரி வடிகட்டிக்குப் பின்னால் மாற்றியாகிவிட்டது. தலைமைச் செவிலியரிடம் டப்பா பற்றிப் பேசினேன், அவர் அன்று மாலையே மூன்று வார்டுகளில் வைத்துவிட்டார். முதல் நான்கு நாட்களில் சேர்ந்த பாதிக் குப்பிகள் ஒரு பெரிய பை நிறைய இருந்தன. இவ்வளவும் இத்தனை நாள் என் தொட்டிக்குத்தான் வந்துகொண்டிருந்ததா என்று திகைத்துப் போனேன். தியேட்டர் கழுவும் நாளில் நுரை வருவதும் உண்மைதான்.

மூன்று ஐயங்கள் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் சிரட்டைக் கரி சுடும் சூளைகள் உள்ளன, கிலோ மிக மலிவு, அந்தக் கரியையே வடிகட்டியில் போடலாமா? கசடைத் தென்னைக்குப் போடாமல் வேறு என்ன செய்வது? மாட்டுப்புல்லுக்கு இந்தத் தண்ணீரைத் தொடர்ந்து பாய்ச்சலாமா?

மறுமொழி 4: பொள்ளாச்சிப் பொறியாளர்

சூளைக் கரி வேண்டாம் ஐயா. சுட்ட கரியின் துளைகள் தாரால் அடைபட்டுக் கிடக்கும். அதை ஏறக்குறைய 900 டிகிரி வெப்பத்தில் நீராவி செலுத்திக் கிளர்வூட்டிய பிறகுதான் ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டர் என்ற கணக்கில் உட்பரப்பு திறக்கும். மூலப்பொருள் நம் தேங்காய்ச் சிரட்டையே, மருந்து மூலக்கூறுகள் சிறியவை என்பதால் சிரட்டைக் கரியின் நுண்துளைகள் அவற்றுக்கு நன்றாகவே பொருந்தும், ஆனால் கிளர்வூட்டியதாக வாங்க வேண்டும். உறிஞ்சும் திறனைக் காட்டும் அயோடின் எண் 1,000 அளவிலும், குருணை 8-க்கு 30 மெஷ் என்ற சல்லடை அளவிலும் இருக்கிறதா என்று கேட்டு, சான்றிதழோடு வாங்குங்கள். கிளாரிஃபையரிலிருந்து கசடுத் துகள் தப்பி வந்தால் கரியின் வாய் அடைபட்டுவிடும் என்பதால், கரிக்கு முன்னால் உள்ள மணல் வடிகட்டியை எதிர்த்திசையில் நீர் செலுத்தித் தவறாமல் பேக்வாஷ் செய்யுங்கள்.

கரி உழைக்கிறதா என்பதை ஒவ்வொரு வாரமும் எளிய முறையில் அறியலாம். 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியைக் கரிக்கு முன்னும் பின்னும் எடுத்த நீர் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பக்கத்துக் கல்லூரி வேதியியல் துறையில் அளந்து தரச் சொல்லுங்கள். அந்த உறிஞ்சல் குறையும் அளவும் மருந்துகள் நீங்கும் அளவும் ஏறத்தாழ ஒன்றாகவே நகரும். இரண்டு அளவுகளும் நெருங்கி வந்துவிட்டால் கரி தீர்ந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை மட்டும், மிகச் சிறிய அளவு மருந்தையும் அளக்கும் எல்.சி.எம்.எஸ். கருவி உள்ள ஆய்வகத்தில் கார்பமசெபைன், டைக்ளோஃபெனாக், சிப்ரோஃபிளாக்சசின், இரத்த அழுத்த மருந்தான மெட்டோபிரலால் ஆகிய நான்கையும் பாருங்கள். அவை போய்விட்டால் மற்றவையும் பெரும்பாலும் போயிருக்கும்.

கசடைப் பற்றி விதியே தெளிவாகச் சொல்கிறது: மருத்துவமனைச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடைப் பொது உயிர்மருத்துவக் கழிவு நிலையத்துக்கு எரிக்கக் கொடுக்க வேண்டும், அல்லது அபாயக் கழிவு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். கசடின் வயதைக் கூட்டிவிட்டால் அதன் அளவும் குறையும், நன்றாக உலர்த்திக் கொடுத்தால் எடையும் குறையும். தீர்ந்த கரியையும் அதே வழியில்தான் அனுப்ப வேண்டும். தோட்டத்தில் கொட்டினால் ஓராண்டாகப் பிடித்து வைத்த மருந்தை ஒரே இடத்தில் புதைப்பதாகிவிடும்.

மறுமொழி 5: வேலந்தாவளம் விவசாயி

மாட்டுப்புல் பற்றி நான் சொல்கிறேன். புல்லை நிறுத்திவிடுங்கள். இஸ்ரேலில் சுத்திகரித்த கழிவுநீரில் விளைந்த காய்கறிகளைச் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் கார்பமசெபைன் தெரிந்ததாக 2016-இல் ஆய்வு வெளிவந்தது. செடி உறிஞ்சும் தண்ணீரோடு இந்த மருந்தும் ஏறி, தண்ணீர் ஆவியாகும் இலையிலேயே தங்கிவிடுகிறது, அதனால் இலைகளில் அதிகமாகவும் கனிகளில் குறைவாகவும் இருக்கும். புல் என்பது முழுவதும் இலைதான், அதைத் தின்பது பால் கொடுக்கும் மாடு. கீரைக்கும் இது பொருந்தும். வேலியோரம் மலைவேம்போ சவுக்கோ நட்டு அதற்குப் பாய்ச்சுங்கள், தென்னைக்குப் புதிய கரி வந்த பிறகு கொடுங்கள்.

இன்னொன்று. நம் கிழக்குப் பக்கம் மழை குறைவு. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப்புழைக்கு வர வேண்டும், அதைத் திறந்துவிடாத கோடை நாட்களில் புழையில் பாறைதான் தெரியும். அந்த நாளில் ஓடையில் விடும் தண்ணீரைக் கலந்து நீர்க்கச் செய்ய அங்கே வேறு தண்ணீர் இருக்காது. பெரிய ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் "ஆற்றில் கலந்து கரைந்துவிடும்" என்று சொல்வதைக் கேட்டு நாமும் சொல்லிவிடக் கூடாது.

கொழிஞ்சாம்பாறை மேற்பார்வையாளர்

நன்றி ஐயா. புல்லுக்குப் போகும் வால்வை இன்று காலை மூடிவிட்டேன்.

நிர்வாகத்திடம் ஓசோனும் ஆர்.ஓ.வும் கேட்கவில்லை. 750 லிட்டர் கரி கொள்ளும் கலம், 375 கிலோ கிளர்வூட்டிய சிரட்டைக் கரி, மணிக்கு 1,500 லிட்டர் பம்பு, கசடையும் தீர்ந்த கரியையும் எரிக்க அனுப்பும் செலவு, ஆண்டுக்கு ஒரு ஆய்வகச் சோதனை ஆகியவற்றை ஒரே கடிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கரி மாற்றும் செலவு ஒவ்வோர் ஆண்டும் வரும் என்பதையும் மறைக்காமல் எழுதினேன்.

பக்கத்துத் தோட்டத்து அம்மாவிடம் போய், அவர் கேட்ட வரி எங்கள் தாளில் இல்லை என்பதை ஒப்புக்கொண்டேன். பாசனக் குழாயை அவருடைய வேலியிலிருந்து தள்ளித் தோப்பின் மேற்கு ஓரத்துக்கு மாற்றுகிறோம். முதல் எல்.சி.எம்.எஸ். சோதனைக்கு மாதிரி எடுக்கும்போது அவருடைய கிணற்றிலிருந்தும் ஒரு பாட்டில் எடுத்து, கார்பமசெபைன் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அது இயற்கையில் இல்லாத பொருள், எளிதில் அழியாத பொருளும்கூட என்பதால், கிணற்றில் தெரிந்தால் எங்கள் நீர் அங்கே போயிருக்கிறது என்று பெரும்பாலும் உறுதியாகிவிடும். மாதிரி எடுக்கும்போது தானும் கூட இருக்க வேண்டும் என்றார், நாள் சொல்லியிருக்கிறேன். முடிவு எதுவாக இருந்தாலும் எண்களை இங்கே பதிவு செய்கிறேன்.